கிளர்ச்சி என்றொரு சொல்

ஓர்ஸ் ஹில்லில் குடியிருந்த சோமசேகரத்துக்கு ஒரு தமிழ்ச் சொல் பிடிக்காமல் போனதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் காந்தப் பரிவு இயந்திரத்தோடு பதினொரு வருடம் மல்லுக்கட்டியவர் அவர். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு ஊர் திரும்பினார். வேலை போனது, வித்துவச் செருக்கு மட்டும் கூடவே வந்தது. மூன்று வருடம் சும்மா இருந்தபின், உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கென்று ஒரு சிறு நூல் எழுதினார். பெரிய காந்தத்துக்குள் பொருளை வைத்து, அதன் அணுக்கருக்களை ஒரு கணம் வானொலி அலையால் தட்டிச் சாய்ப்பார்கள். அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது மெல்லிய சமிக்ஞை ஒன்று வரும். உள்ளே என்ன இருக்கிறதென்று அதை வைத்தே சொல்லிவிடலாம். அலையை எவ்வளவு நேரம் கொடுப்பது, எந்தக் கோணத்துக்குச் சாய்ப்பது என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

இந்தத் தட்டலுக்கு நம் பாடப்புத்தகத்தில் 'அருட்டல்' என்ற சொல் இருந்தது. தூங்குகிறவரைத் தொட்டு எழுப்புவதற்கும் அதே சொல்தான். அது அவருக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. இந்தியப் புத்தகமொன்றில் கண்ட 'கிளர்ச்சி'யைப் போட்டார்.

நகரில் வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து தாயையும் காப்பாற்றிவந்த நஜ்முன் நிஸாவிடம் கையெழுத்துப் பிரதி போனது.

"சேர், அருட்டல் எண்டுதானே பள்ளிக்கூடப் புத்தகத்தில கிடக்கு? கிளர்ச்சி எண்டா இந்தக் காலத்தில வேற மாதிரி நினைப்பாங்க."

"பிள்ளை, நீங்கள் அடிக்கிற வேலையை மட்டும் பாருங்கோ."

நாற்பது பிரதிகளோடு குச்சவெளி பஸ்ஸில் போனவரைச் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். அட்டையில் கொட்டை எழுத்தில் 'வானொலி அலைக் கிளர்ச்சி முறைகள்' என்று இருந்தது. தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் அதிகாரிக்கு மொழிபெயர்த்தார்: வானொலி மூலம் கலகம் செய்யும் வழிகள்.

சோமசேகரம் அவசரமாகக் கைகூப்பினார். "ஐயா, புத்தகம் என்ரைதான். ஆனா அந்தச் சொல் நான் எழுதேல்லை. டைப் அடிச்ச பிள்ளை பிழையாப் போட்டிட்டுது" என்றார். கேட்குமுன்பே அவளுடைய விலாசத்தையும் ஒப்புவித்தார். படித்த மனிதர் செய்கிற வேலையா அது!

ஜீப் ஒன்று போய்வந்தது. பின்னேரம் அவரை விட்டுவிட்டார்கள்.

மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே கூசியது. நான்காம் நாள், உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதென்று முடிவெடுத்து அவள் வீட்டுக்குப் போனார். தட்டச்சுப் பொறி இருந்த மேசை வெறுமையாக இருந்தது.

"மெசினைக் கொண்டு போயிட்டாங்க சேர்" என்று தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள் நஜ்முன் நிஸா. "கடைசிப் பக்கத்தில என்ர பேர் கிடந்ததுதானே, அதைப் பாத்து வந்திருக்காங்க. சேர் அருட்டல் எண்டுதான் எழுதினவர், நான்தான் மாத்தி அடிச்சிட்டன் எண்டு சொன்னன். இல்லாட்டி உங்களை விடமாட்டாங்களே. அங்க நீங்களும் எனக்காக எவ்வளவு கதைச்சிருப்பீங்க, என்ன சேர்?"

சோமசேகரம் தேத்தண்ணிக் கோப்பையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஓம் பிள்ளை," என்றார். "எவ்வளவோ சொல்லிப் பாத்தனான்."