வெறுங்காலும் சப்பாத்தி டப்பாவும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு புரட்டாசி மாதம் நடந்தது இது. குறைந்திருக்க வேண்டிய வெயில் குறையாமல் திருவண்ணாமலையைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்த நேரம். கிரிவலப் பாதையில் ஈசான்ய லிங்கத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு தெருவில் எங்கள் வீடு. முன்னறையில் தையல் மெஷின் போட்டு பிளவுஸ் தைத்துக் கொடுப்பது என் தொழில். என் கணவர் டவுனில் மோட்டார் சைக்கிள் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் ஒரு பெரிய கடையில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே அதே கடை, அதே நாற்காலி. ஒரே மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் ஜாஸ்தி. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். துணி கொடுத்த அன்றே பிளவுஸ் கேட்டு வருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் பதிலைக் கேட்க பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும். என் கணவர் அப்படியே நேர் எதிர். பத்துக் கேள்வி கேட்டால் ஒரு "ம்" வரும். அந்த "ம்"மை வைத்தே பசியா, கோபமா, அசதியா என்று கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு பெருமை வேறு.

அந்த வருடம் ஆடி முடிந்த பிறகு அவரிடம் சில மாற்றங்கள் தெரிந்தன. சாயங்காலம் வீடு திரும்பும்போது நெற்றியில் பட்டையாக விபூதி. கோயிலில் கொஞ்சம் கூட்டம் என்றால் வெளியிலேயே நின்று, "நீ போயி கும்பிட்டு வா" என்று சொல்லும் மனிதர் அவர். என்ன திடீரென்று என்று கேட்டால், கடையில் தினமும் பூஜை போடுகிறார்கள் என்றார். நல்ல விஷயம்தானே என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கால்களை நீட்டிப் படுத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தவரின் உள்ளங்காலைப் பார்த்தேன். குதிகால் முழுவதும் வெடிப்பு. வெடிப்புக்குள் மண் ஏறிக் கறுத்திருந்தது. பெருவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது. தினமும் காலையில் பாலிஷ் போட்ட ஷூவை மாட்டிக்கொண்டு போய், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு எதற்கு இப்படி ஒரு கால்? ஆளும் இளைத்திருந்தார். சட்டைக் காலர் கழுத்தில் ஒட்டாமல் நின்றது.

எனக்கு உடனே அண்ணன் ஞாபகம் வந்தது. அவனும் இப்படித்தான் திடீரென்று இளைத்தான், காலில் புண் வந்தது. டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை. "வாங்க, நாளைக்கே டெஸ்ட் எடுத்துடலாம்" என்று பிடித்துக்கொண்டேன். "கடையில லீவு தர மாட்டாங்க" என்று நழுவிவிட்டார். பயப்படுகிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். டெஸ்ட்டுக்கு வராவிட்டால் என்ன, சாப்பாடு என் கையில்தானே இருக்கிறது?

மறுநாளிலிருந்து அவர் மதிய டப்பாவில் சோறு போனது, சப்பாத்தி வந்தது. அதுவும் எண்ணெய் காட்டாத சப்பாத்தி. தொட்டுக்கொள்ள பாகற்காய், இல்லாவிட்டால் வெந்தயக் கீரை. காப்பியில் சர்க்கரையை நிறுத்தினேன். டப்பா தினமும் காலியாகத் திரும்பி வந்தது. என் சமையல் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஆள் மட்டும் இன்னும் இளைத்துக்கொண்டே போனார்.

இப்படி இருக்கும்போதுதான் அடி அண்ணாமலையிலிருந்து வழக்கமாகத் துணி கொண்டுவரும் பெண் ஒருத்தி, அளவு கொடுத்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள். "ஏன்க்கா, அண்ணன் என்ன வேண்டுதலு வச்சிருக்காரு? தெனமும் மலைய சுத்துறாரே!"

என் கையிலிருந்த டேப் அப்படியே நின்றுவிட்டது. நீ வேறு யாரையோ பார்த்திருப்பாய் என்றேன். இல்லை, மத்தியானம் தினமும் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறார், நானே பார்த்தேன் என்றாள். சட்டென்று, "ஆமாமா, பொண்ணு படிப்புக்கு ஒரு வேண்டுதல்" என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கிளம்பிப் போனாள். எங்கள் ஊரில் இது ஒரு வசதி. மலையைச் சுற்றுகிறவர் ஏன் சுற்றுகிறார் என்று யாரும் துருவ மாட்டார்கள். அவர்களே ஒரு வேண்டுதலைப் போட்டுக்கொள்வார்கள்.

அவள் போன கையோடு வீட்டைப் பூட்டிக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்து அவர் வேலை பார்க்கும் கடைக்குப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே இரண்டு பேர் சுவருக்கு ரோஸ் கலரில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து டீக்கடையில் விசாரித்தேன். "அந்தக் கட ஆடி மாசமே கைமாறிடுச்சே. செல்போன் கட வருது" என்றார் டீ ஆற்றியவர்.

அந்த இடத்தில் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வேலை போனதற்காக அல்ல. ரோட்டில் டீ ஆற்றுகிறவருக்குத் தெரிந்தது, இத்தனை வருடம் பக்கத்தில் படுத்து எழுந்த எனக்குத் தெரியவில்லையே என்று. மாதம் பிறந்தால் வீட்டுச் செலவுக்குப் பணத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டுதானே இருந்தார்! எங்கிருந்து வந்தது அது? போன் பண்ணலாம் என்று எடுத்தேன். பண்ணினால் "வேலையா இருக்கேன்" என்பார். அந்தப் பொய்யை அவர் குரலில் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

நேரில் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். மலையைச் சுற்றும் வழி எனக்குத் தெரியாததா? இன்னொரு ஆட்டோ பிடித்து குபேர லிங்கத்தில் இறங்கி, அவர் எந்தப் பக்கம் இருந்து வருவாரோ அந்தப் பக்கம் நோக்கி நடக்க ஆரம்பித்தேன். எதிரில் வரட்டும், முகத்துக்கு நேராக நின்று கேட்கிறேன் என்று. என்னென்ன கேட்க வேண்டும் என்று நடந்துகொண்டே ஒத்திகை வேறு. வீட்டை என்ன சத்திரம் என்று நினைத்தீர்களா, என்னை என்ன கல் என்று நினைத்தீர்களா என்று ஆரம்பித்து, அவர் அம்மா வரைக்கும் போயிருந்தேன்.

பௌர்ணமி இல்லாத சாதாரண நாள். ஆனாலும் அங்கொருவர் இங்கொருவராக நடந்துகொண்டுதான் இருந்தார்கள். எல்லோரும் எனக்கு எதிரில் வந்தார்கள். மலையை எப்போதும் வலமாகத்தான் சுற்ற வேண்டும், யாரும் இடமாகப் போக மாட்டார்கள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அன்றைக்கு அது உறைக்கவே இல்லை. ஒருவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஒதுங்கினார். ஒரு சாமியார், "திரும்பும்மா, திரும்பு" என்று கையைக் காட்டினார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வாயு லிங்கம் தாண்டி அடி அண்ணாமலையை நெருங்கும்போது, பெரிய குடைக்குக் கீழே மோர் விற்றுக்கொண்டிருந்த பெண் என்னை நிறுத்தினாள். என் வயசுதான் இருக்கும். "இன்னாம்மா, இப்புடி எதிர்ல வர்ற? யாரத் தேடற?" என்றாள். தெரிந்தவர் ஒருவரை என்றேன். "அப்ப எதுக்கு வெயில்ல அலையற? இப்புடி உக்காரு. சுத்துறவங்க யாரா இருந்தாலும் இந்தப் பக்கம்தான் வந்து ஆகணும்" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

உட்கார்ந்தேன். மோர் வாங்கிக் குடித்தேன். கொஞ்சம் மூச்சு வந்தது. தினமும் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்களா என்று மெதுவாகக் கேட்டேன். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அதில் ஒருவர்:

"பேண்ட்டு சட்ட போட்டுக்கினு ஒரு அண்ணன் வருவாரு. அதோ அந்த மரத்தாண்ட உக்காந்துதான் சாப்புடுவாரு. தெனமும் காஞ்சிபோன சப்பாத்தி, பாவக்கா. நான் கேட்டுட்டேன், இன்னாண்ணே, இம்மா தூரம் நடக்கற ஆளு ஒரு வாய் சோறு எடுத்தாரக் கூடாதான்னு. 'வூட்ல எனக்கு ஒடம்பு சரியில்லனு நெனச்சிக்கினு பாத்துப் பாத்து செஞ்சி தராம்மா. வேணாம்னா காரணம் சொல்லணும். சொன்னா அவ தாங்க மாட்டா'ன்னாரு."

நான் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனம் எல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. தாங்க மாட்டாள் என்று அவர் நினைத்தது என்னை. ஊரையே வாயால் தாங்கிக்கொண்டிருக்கும் என்னை.

கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். நான் குடைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். வெறுங்கால். பேண்ட்டைக் கணுக்கால் வரை மடித்துவிட்டிருந்தார். மரத்தடியில் உட்கார்ந்து பையைத் திறந்தார். முதலில் ஒரு பிளாஸ்டிக் கவர் வெளியே வந்தது. அதற்குள் நான் காலையில் துடைத்துக் கொடுத்த ஷூ. பிறகு டப்பா. கை கழுவிவிட்டு சப்பாத்தியைப் பிய்த்தார். பக்கத்தில் வந்து நின்ற நாய்க்கு ஒரு துண்டு போட்டார். பாகற்காயோடு போட்டதை அது முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அவர் மட்டும் ஒன்று விடாமல் சாப்பிட்டு, டப்பாவைக் கழுவி மூடினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

அவர் எழுந்து நடந்ததும் நானும் எழுந்தேன். இப்போது அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. எதிரில் போய் நிற்கும் எண்ணம் போய்விட்டது. எதிரில் நின்றால் அவர் முகத்தை நான் பார்த்தாக வேண்டும், அவர் என் முகத்தைப் பார்த்தாக வேண்டும். அந்த மனிதரால் அது முடியாது என்று அவர் நடையைப் பார்த்தாலே தெரிந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு எட்டி நடந்தேன். தார் ரோடு காலைச் சுட்டுத் தீய்த்தது. பக்கத்தில் போய், அவரைப் போலவே முன்னால் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"ஏங்க, நாளைலேர்ந்து சோறே கட்டித் தர்றேன்."

அவர் நடை ஒரு கணம் தடுமாறியது. ஆனால் நிற்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. குனிந்து என் காலைப் பார்த்தார்.

"செருப்பப் போடும்மா. கால் பொத்துப்பூடும்" என்றார்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. அழுதுகொண்டே நடந்தேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிரிவலப் பாதையில் அழுதுகொண்டு போகிறவர்கள் நிறைய பேர் உண்டு என்பதால் எங்களை யாரும் கண்டுகொள்ளவில்லை.

அங்கிருந்து வீடு வரும் வரை அவர் பேசினார். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கடையை விற்றபோது முதலாளி கையில் கொடுத்ததைத்தான் மாதாமாதம் பிரித்துச் சம்பளம் மாதிரி கொண்டுவந்து வைத்திருக்கிறார். மகள் பரீட்சை முடியும் வரை வீட்டுக்குத் தெரிய வேண்டாம், அதற்குள் வேறு வேலை கிடைத்துவிடும் என்று நினைத்திருக்கிறார். காலையில் நான்கு இடம் ஏறி இறங்குவது, வயசைக் கேட்டுவிட்டு அவர்கள் "சொல்லி அனுப்புறோம்" என்பது, மீதிப் பொழுதுக்கு மலை. செருப்பாவது போட்டுக்கொண்டு நடக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"ஷூ போட்டுக்கினு சுத்துனா, இன்னிக்கி வேலைக்குப் போவலயான்னு கேக்கறாங்க. வெறுங்காலோட சுத்துனா கையெடுத்துக் கும்புடறாங்க" என்றார்.

குபேர லிங்கத்தில் வழக்கம்போல கும்பல். உள்ளே போய்ச் சில்லறை போட்டுவிட்டு வரலாமா என்று கேட்டேன். "தெனமும் பாத்துக்கினுதான் போறேன். அவருக்கே என்னைத் தெரிஞ்சிபோச்சு" என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே மகளுக்கு போன் போட்டு அவரையே சொல்ல வைத்தேன். எங்கே உடைந்துவிடுவாளோ என்று நாங்கள் பயந்தால், "அதான் போன மாசம் போன்ல மூச்சு வாங்குச்சா? நடந்துக்கினே பேசுனியாப்பா?" என்று கேட்டாளே தவிர வேறு ஒன்றும் சொல்லவில்லை. தை பிறந்த பிறகு ஒரு லாட்ஜில் அவருக்குக் கணக்கு வேலை கிடைத்தது. சம்பளம் கம்மிதான். நான் இன்னொரு மெஷின் வாங்கிப் போட்டு, பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்க ஆரம்பித்தேன். மகள் படிப்பு முடிந்து, இப்போது வேலைக்குப் போகிறாள். பாகற்காய் மட்டும் எங்கள் வீட்டுக்குள் திரும்ப வரவே இல்லை. டெஸ்ட் எடுத்ததில் அவருக்குச் சர்க்கரை இல்லை என்று வந்தது. எனக்குத்தான் ஆரம்பக் கட்டத்தில் இருந்தது என்பது தனிக் கதை.

என் வாய் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. தெரு ஜன்னல்கள் இன்னும் திறக்கின்றன. ஆனால் வீட்டுக்குள் நுழைகிறவர் முகம் கொஞ்சம் வாடியிருந்தாலும், ஏன், என்ன என்று ஆரம்பிப்பதற்கு முன்பு என் கண் தானாகவே அவர் காலைத்தான் தேடிப் போகிறது.