சின்ராசு கை எடுத்த இடம்

கார்முகில் சிலமலைக்காரி. போடியில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறாள். உயிர் மட்டும் ஜாஸ் பியானோவில், வாசிக்க வாசிக்கவே புதிதாய்க் கட்டிக்கொண்டு போகிற இசையில். "ஒரு பாட்டையாச்சும் ஒழுங்கா முடிக்கிறியா ஆத்தா?" என்று தெருவே கிண்டலடிக்கும். அவள் சிரித்துவிடுவாள். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வரும். நான் பாண்டியராஜன், அவள் குழுவில் பேஸ் கிடார். டிரம்ஸ் சின்ராசு. தினமும் காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறுகிறவன். மூன்றே பேர்தான் குழு.

சென்னைக் கம்பெனி ஒன்று அவளுடைய ஆல்பத்தை வெளியிட ஒத்துக்கொண்டது. போடியிலேயே ஒரு ஸ்டுடியோவில் பதிவு. கம்பெனியிலிருந்து மேற்பார்வைக்கு வந்த அருணா, முதல் பாட்டிலேயே முகத்தைச் சுளித்தார்.

"டிரம்ஸ் சரியில்ல. சென்னையிலேர்ந்து வேற ஆளை வரச் சொல்றேன்."

சின்ராசுவின் முகம் செத்துவிட்டது.

"அவன் இல்லாம நான் வாசிக்க மாட்டேன்க்கா," என்றாள் கார்முகில் பட்டென்று.

"சரி, இன்னும் ஒரே தடவை. அதுலயும் சொதப்பினா ஆளை மாத்தணும். இல்ல, ஆல்பத்தை மறந்துடணும்."

வாசித்தோம். பாதிப் பாட்டில் கார்முகிலின் வலக்கை பியானோக் கட்டைகளில் கிடுகிடுவென்று மேலே ஏறியது. ஒத்திகையில் அவள் அப்படி ஏறியதே இல்லை. சட்டென்று டிரம்ஸ் நின்றது. பார்த்தால், சின்ராசு குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்! அடப்பாவி, கெடுத்தானே! என் விரலும் தந்தியில் நின்றுபோனது.

கார்முகில் நிற்கவில்லை. அந்த அமைதிக்குள் தன்னந்தனியாக ஏறினாள். உச்சியில் ஒரே கட்டையை விட்டு விட்டுத் தட்டினாள். பிறகு நிதானமாக இறங்கினாள். அவள் கீழே வந்து சேர்ந்த நொடியில் சின்ராசு கச்சிதமாகப் புகுந்தான், நானும் தொற்றிக்கொண்டேன். அதற்கப்புறம் பிடித்த வேகம் இருக்கிறதே, ஆத்தாடி!

முடிந்ததும் அவன்மேல் பாய்ந்தேன். "ஏன்டா நிறுத்துன?"

"கொண்டை ஊசி வளைவுல ஏறுற வண்டிக்கு இறங்குறவன் நின்னு வழி விடணும்ல அண்ணே? தங்கச்சி தம் கட்டி ஏறுது, நடுவுல எனக்கு என்ன சோலி? பழக்கதோசத்துல கை நின்னுருச்சு."

கார்முகில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இதுதான்க்கா ஆல்பத்துல வரணும். மாத்தி எடுக்க மாட்டேன்."

அருணா ஹெட்போனை மாட்டி முழுவதையும் மறுபடி கேட்டார். கழற்றியவர் நேராகச் சென்னைக்குப் போன் போட்டார்.

"டிரம்ஸுக்கு யாரையும் அனுப்ப வேண்டாம். ஆல்பம் அட்டையில மூணு பேரோட பேரும் போடணும், எழுதிக்கங்க."