யோகராசா அண்ணன் போடாத இணைப்பு

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். உம் அல் குவைன் யார்டில் வேலை பார்த்த யோகராசா காலையில் டூட்டிக்கு வரவில்லையாம். கதவைத் திறந்து பார்த்தபோது கட்டிலிலேயே உயிர் போயிருந்ததாம். "உங்களுக்குத் தெரிஞ்ச ஆள்தானே? பாடி அனுப்புறதுக்குக் கூட ஒருத்தர் வேணும்" என்றார்கள்.

தெரிந்தவர்தான். இந்தக் கம்பெனியில் அவரை அறிந்தவர்கள் இப்போது என்னைத் தவிர அநேகமாக யாரும் இல்லை. இதை எழுத அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் போகப்போகச் சொல்கிறேன்.

யோகராசா அவர்களுக்குச் சொந்த ஊர் பருத்தித்துறை. உல்லாசப் படகுகளுக்கு மின்கருவிகள் பொருத்தும் எங்கள் வளைகுடாக் கம்பெனியின் அஜ்மான் பட்டறையில் நான் பரமக்குடியிலிருந்து வந்து சேர்ந்தபோது அவர் ஏற்கெனவே பழைய ஆள். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். தொழிலாளர் கேம்ப்பில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். முதல் வாரம், "என்ர தமிழ் விளங்குதோ?" என்று கேட்டார். "பாதி புரியுதுண்ணே" என்றேன். "அது காணும். மற்றப் பாதிக்கு எனக்கே அர்த்தம் தெரியாது" என்றார். அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது அதிகமில்லை.

நான் சேர்ந்த நான்காம் மாதம் ஓர் அரபிக் குடும்பத்தின் படகு வேலைக்கு வந்தது. செயற்கைக்கோள் வானொலிப் பெட்டி ஒன்று பொருத்த வேண்டும். கரையை விட்டு எவ்வளவு விலகிப் போனாலும் வானத்திலிருந்து பாட்டை வாங்கித் தருகிற பெட்டி. முதல் நாள் முழுக்க யோகராசா அண்ணன் படகின் கூரை மேலேயே இருந்தார். ஆன்டெனாவுக்கு நாலு பக்கமும் வானம் தெரிய வேண்டும். ரேடாரின் குறுக்கே வரக் கூடாது. வயர்லெஸ் கம்பத்துக்கு அருகிலும் கூடாது. ஆறு இடம் பார்த்து ஏழாவது இடத்தில்தான் துளை போட்டார். மாலையில் ஒயரைத் தற்காலிகமாகக் கொடுத்துச் சோதித்தபோது எங்கிருந்தோ ஒரு தமிழ்க் குரல் செய்தி வாசித்தது. ஒரு நிமிடம் கேட்டுவிட்டு அணைத்தார். "இன்னும் கொஞ்சம் கேக்கலாமேண்ணே" என்றேன். "கேக்கத்தான் ஏலும். திருப்பிக் கதைக்க ஏலாதே" என்றார்.

மறுநாள் அவருக்கு விசா மெடிக்கல். ஒயரிங்கை என்னிடம் விட்டுவிட்டுப் போகும்போது, "பெட்டிக்கு பேட்டரியில இருந்து தனி லைன் எடும். வயர்லெஸ்ஸின்ர ஃபியூஸில கொழுவிப்போடாதையும்" என்றார். ஆபத்து என்றால் கரையைக் கூப்பிட அந்த வயர்லெஸ் ஒன்றுதான் வழி.

தனி லைன் இழுக்க இருக்கைகளைக் கழற்றித் தளத்துக்குக் கீழே ஊர்ந்து போக வேண்டும். ஃபோர்மேன் வந்து வந்து "ஜல்தி, ஜல்தி" என்று அவசரப்படுத்தினார். நான் வயர்லெஸ்ஸின் ஃபியூஸிலேயே இணைத்தேன். கூரையில் ஒயர் நுழையும் இடத்தையும் அரைகுறையாகத்தான் அடைத்தேன். பெட்டி பாடியது. சாயங்காலம் யோகராசா அண்ணன் வந்து, "தனி லைன்தானே?" என்று கேட்டார். "ஆமாண்ணே" என்றேன்.

குளிர்காலம் வந்தது. ஒரு காலை நேரத்தில் அந்தக் குடும்பம் கடலுக்குப் போனது. நடுக்கடலில் பனிமூட்டம் இறங்கி, இயந்திரமும் நின்றுவிட்டது. ஒயர் வழியே இறங்கிய தண்ணீரால் ஃபியூஸ் போயிருந்தது. பாட்டோடு வயர்லெஸ்ஸும் செத்துவிட்டது. மொபைலுக்கு சிக்னல் இல்லை. நண்பகலில் ஒரு மீன்பிடிப் படகு கண்டு கட்டி இழுத்து வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் படகுக்காரர் பட்டறைக்கு வந்தார். கத்தவில்லை. "நாம் கூப்பிட்டும் ஏன் யாரும் பேசவில்லை என்று என் மகள் கேட்டாள்" என்று மட்டும் சொன்னார். ஃபோர்மேன் படகின் மின்பலகையைக் கழற்றி, "யே கிஸ்கா காம் ஹை?", இது யார் செய்த வேலை, என்று கேட்டார். வேலைச் சீட்டில் யோகராசா அண்ணன் பெயர்தான் இருந்தது. அவர் குனிந்து அந்த இணைப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. "மேரா காம் ஹை, பாய்", என் வேலைதான், என்றார்.

நான் வாய் திறக்கவில்லை. ஊரில் மனைவிக்கு ஏழாம் மாதம், எனக்குத் தகுதிகாண் காலம் முடியவில்லை, திருப்பி அனுப்பியிருப்பார்கள். இவையெல்லாம் அன்று பெரிய காரணங்களாக இருந்தன.

அடுத்த வாரமே அவரை உம் அல் குவைன் யார்டுக்கு அனுப்பினார்கள். சொந்தக்காரர்கள் வெளிநாடு போய்விட்ட படகுகளைத் தார்ப்பாய் மூடி நிறுத்தும் இடம் அது. மணல், முள்வேலி, ஒற்றை அறை. பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. ஆறு வருடம் அங்கே இருந்தார். முதலில் வாராவாரம் ஃபோன் செய்தேன். பின்பு பொங்கலுக்கும் தீபாவளிக்கும். அதற்கும் பின்பு அதுவும் இல்லை.

போன வருடம் ஒரு சாமான் எடுக்க அங்கே போக நேர்ந்தது. மிகவும் மெலிந்திருந்தார். பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். "அண்ணே, அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும்" என்றேன். அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவையளுக்குச் சொல்லாட்டிப் பரவாயில்லை, முருகேசு. உம்மை அனுப்பியிருப்பாங்கள். எனக்காவது சொல்லியிருக்கலாம். தனி லைனோ எண்டு கேட்ட அண்டைக்குப் பின்னேரமே நான் போய் மாத்திக் கட்டியிருப்பன். அந்தப் பிள்ளை பயந்திராது."

அவ்வளவுதான் சொன்னார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை உடலைப் பதப்படுத்தும் இடத்துக்குப் போனேன். கம்பெனி ஆள் வெளியே காகிதங்களோடு நின்றார். உள்ளே நான் மட்டும். அவருடைய மனைவி பருத்தித்துறையிலிருந்து வீடியோ காலில் வந்தார்.

"அவர் அங்க பொறுப்பாளரா இருந்தவர், தம்பி. தனக்குக் கீழ கனபேர் எண்டு சொல்லுவார். ஒருத்தரும் வரேல்லையோ?"

ஆமாம், பொறுப்பாளர்தான் என்று தலையாட்டிவிட்டிருக்கலாம். முடியவில்லை. "இல்லக்கா. அவர் அங்க தனியாத்தான் இருந்தாரு. என்னாலதான்" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ஃபோனைத் தாழ்த்தினார்; திரையில் வீட்டுக் கூரை தெரிந்தது. பிறகு, "இப்ப வந்து ஏன் தம்பி சொல்லுறீங்கள்?" என்றார்.

நான் சவப்பெட்டியின் பக்கம் திரும்பினேன்.

"சரி. முகத்தைக் காட்டுங்கோ."

ஃபோனைத் திருப்பிப் பெட்டிக்கு மேலே பிடித்தேன். மறுமுனையில் முதலில் அவர் அழுகை, பிறகு அவர்கள் மகளின் குரல், பிறகு யாரோ தேவாரம் பாடினார்கள். கை வலித்தது. மூடி போட ஆட்கள் வந்து, என்னைப் பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றார்கள். பாட்டு முடியும்வரை கையை இறக்கவில்லை.

வீட்டில் எல்லோரும் காத்திருக்கிறார்கள், யோகராசா அண்ணே. ஊருக்குப் போய்ச் சேருங்கள்.