மரக்காணம் டு புதுச்சேரி: டயாலிசிஸ் ஷிஃப்ட்டுக்கு முன்னால் ஒரு சுற்று

இந்த வலைப்பக்கத்துக்கு வழக்கமாக வருகிறவர்கள் ஈசிஆர் ஓரம் நல்ல மீன் குழம்பு எங்கே கிடைக்கும் என்று தேடி வருகிறவர்கள். இந்தப் பதிவு அவர்களுக்கானது அல்ல. மரக்காணம், அனுமந்தை, கூனிமேடு பக்கத்திலிருந்து வாரம் இரண்டு முறை ஒரு நோயாளியைக் கூட்டிக்கொண்டு புதுச்சேரிக்கு டயாலிசிஸுக்குப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். நீங்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் சாப்பாட்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கி வழிவதைப் பார்த்திருக்கிறேன். நோயாளி உள்ளே போனால் நான்கு மணி நேரம் வரமாட்டார். கூட வந்தவருக்கு உள்ளே இடமில்லை. அந்த நான்கு மணி நேரத்தை என்ன செய்வது என்று என்னிடம் இரண்டு பேர் கேட்டார்கள்.

முதலில் என்னைப் பற்றி. குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷன் வேலை பார்க்கிறேன். வருகிற விருந்தாளிகள் எல்லோரும் தவறாமல் கேட்பது, உள்ளூர்க்காரர்கள் பாண்டியில் எங்கே போவார்கள் என்பது. மியூசியம், ஆர்ட் கேலரி, பெரிய வாய்க்கால், பழைய பிரெஞ்சு வீடுகள் என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பேன். அதில் ஒன்றைக்கூட நான் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. எந்த உள்ளூர்க்காரருக்கு அதற்கெல்லாம் நேரம் இருக்கிறது? என் தம்பி ஏழுமலைக்குக் கிட்னி இரண்டும் போன பிறகுதான் எனக்கு அந்த நேரம் கிடைத்தது.

ஏழுமலைக்கு முப்பத்தெட்டு வயது. மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்து, அவனும் அவன் மனைவி விஜயாவும் சேர்ந்து உப்பு வாருகிறார்கள். இரண்டு பேரும் பாத்தியை விட்டு வந்தால் வேலை நடக்காது. அதனால் செவ்வாயும் வெள்ளியும் அவனோடு போவது என் பொறுப்பு. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலில் தலையைச் சாய்த்து, பிழிந்து போட்ட துணி மாதிரி கிடப்பான். கண்ணைத் திறக்காமலே, “இன்னிக்கு இன்னாக்கா பாத்த?” என்று கேட்பான். ஊர் வருகிற வரை நான் சொல்லிக்கொண்டே வருவேன். “எனக்கும் ஒருநாள் காட்டேன்” என்பான். உள்ளே போகும்போது நடக்கத் தெம்பு இருந்தாலும் நேரம் இருக்காது, வெளியே வரும்போது நேரம் இருந்தாலும் தெம்பு இருக்காது.

கடந்த மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அது வாய்த்தது. காலை ஆறு மணி பஸ்ஸில் மரக்காணத்தில் ஏறினோம். ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். டிக்கெட் பஸ்ஸைப் பொறுத்து மாறும், சில்லறையாக ஐம்பது ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்க ஜன்னலில் உட்கார வேண்டாம். கடல் தெரியும் என்று ஆசைப்பட்டு உட்கார்ந்தால் காலை வெயில் நேராக முகத்தில் அடிக்கும். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனால், டயாலிசிஸ் டெக்னீஷியன் வாசலிலேயே நிறுத்தினார்.

“மெஷினுக்குத் தண்ணி போற லைன்ல வேல நடக்குதுங்க. ரெண்டு மணி ஷிஃப்ட்டுக்கு வந்துடுங்க. நாலு நாள் கேப்பு ஆயிருச்சு, எங்கயும் போய்டாதீங்க. தண்ணி குடிக்காதீங்க.”

வெள்ளிக்குப் பிறகு செவ்வாய் வரை இருக்கிற இடைவெளிதான் மோசமானது. குடித்த தண்ணீரெல்லாம் உடம்பிலேயே நிற்கும். அன்று அவன் கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் தோலில் பதிந்திருந்தது. நான் வராந்தாவிலேயே உட்காரலாம் என்றேன். அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “வாக்கா, ஊர் சுத்தலாம்” என்று எனக்கு முன்னால் படியிறங்கினான்.

மியூசியம் பத்து மணி வாக்கில்தான் திறக்கும், திங்கட்கிழமை விடுமுறை. அதுவரை கடற்கரைச் சாலையில் பழைய கலங்கரை விளக்கத்தின் நிழலில் உட்கார்ந்திருந்தோம். அங்கே கல் பெஞ்சுகள் நிறைய உண்டு. ஆனால் காலை எட்டரைக்கு மேல் நிழலுக்காக இடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். வாக்கிங் வந்தவர்கள் எல்லோர் கையிலும் தண்ணீர் பாட்டில். ஏழுமலைக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் கணக்கு. ஒவ்வொரு பாட்டிலையும் அவன் கண் தொடர்ந்து போனதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

மியூசியத்தில் பத்து ரூபாய் டிக்கெட். கூட்டம் கிடையாது, மின்விசிறி உண்டு, வாட்ச்மேனிடம் கேட்டால் உட்கார நாற்காலியும் தருவார். அரிக்கமேட்டில் தோண்டி எடுத்த மணிகள், வெண்கலச் சிலைகள், பிரெஞ்சுக்காரர்களின் கட்டில், ஆள் பின்னால் நின்று தள்ளுகிற ஒரு பழைய வண்டி. அந்த வண்டி முன்னால் ஏழுமலை ரொம்ப நேரம் நின்றான். “இதுல என்னை ஒக்கார வெச்சித் தள்ளிட்டுப் போக்கா, கால் வலிக்குது” என்றான். பெரிய தாழி ஒன்றைக் காட்டி, இது எதற்கு என்று வாட்ச்மேனைக் கேட்டான்.

“செத்தவங்கள உள்ள வெச்சிப் பொதைக்கிறதுக்குங்க.”

“முழுசாவா?”

“எலும்ப மட்டுங்கூட வெப்பாங்களாம்.”

“அப்ப எனக்குச் சின்னதா ஒண்ணு போதும்” என்று சிரித்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் முதுகில் ஒன்று வைத்தேன். வாட்ச்மேன் எங்களை இரண்டு தரம் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

கேலரிகளைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பிரெஞ்சு வீதிகளில் பழைய வீடுகளைச் சுண்ணாம்படித்து நிறைய வைத்திருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, ஏசி இருக்கும், வாங்கச் சொல்லி யாரும் வற்புறுத்தமாட்டார்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போனால் மரியாதையாகவே நடத்துகிறார்கள். நாங்கள் நுழைந்ததில் அன்று போட்டோக் கண்காட்சி. ஒரு சுவர் முழுவதும் ஒரே படம்: உப்பளம், வரிசையாக வெள்ளைக் குவியல்கள், பின்னால் கன்னங்கரேலென்று மேகம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஏழுமலைக்கு இருப்புக் கொள்ளவில்லை. படத்துக்குப் பக்கத்தில் போனான், தள்ளி வந்தான். மேசையில் இருந்த பெண்ணிடம், “அன்னிக்கு மழ வந்துச்சாங்க?” என்று கேட்டான். அவள் பாவம், “தெரியலையே சார், போட்டோகிராஃபரக் கேட்டுச் சொல்றேன்” என்றாள். அதற்குள் அவன் போனை எடுத்து விஜயாவைக் கூப்பிட்டுவிட்டான். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

“வடக்க கருக்கலா இருக்குதுங்க” என்றாள் விஜயா. “காத்தும் திரும்பிட்ச்சி. பக்கத்துப் பாத்திக்காரங்க மூடுறாங்க. நான் ஒண்டியா ரெண்டு குவியல் மூடிட்டேன். இன்னும் அஞ்சு இருக்குது. தார்ப்பாய் இழுக்க முடியல.”

உப்பளத்தைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. புதிதாக வாரிய உப்பை ஈரம் வடிவதற்காக வெயிலில் திறந்து போட்டிருப்பார்கள். வடிந்த பிறகுதான் கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூடுவார்கள். அதற்கு முன்னால் ஒரு நல்ல மழை பிடித்தால், மாசியிலிருந்து முதுகு ஒடிய வாரியதெல்லாம் தண்ணீராய் ஓடி மறுபடி பாத்திக்கே போய்விடும். அதனால் எங்கள் ஊரில் மேகம் கறுத்தால் கல்யாணப் பந்தியிலிருந்துகூட எழுந்து ஓடுவார்கள். யாரும் தப்பாக நினைப்பதில்லை.

வெளியே வந்து பெரிய வாய்க்கால் கரையில் நின்றோம். இதையும் பார்க்கலாம், ஒரு பக்கம் பிரெஞ்சு வீதிகள், மறுபக்கம் தமிழ் வீதிகள் என்று ஊரை இரண்டாக வகிர்கிற வாய்க்கால். சிமெண்ட் கரை, அடியில் கொஞ்சம் கறுப்புத் தண்ணீர், மூக்கைப் பொத்திக்கொள்ள ஒரு துணி தேவைப்படும். அந்த நாற்றத்தில் நின்றுகொண்டு நாங்கள் சண்டை போட்டோம்.

“யக்கா, மூணு மாச உப்புக்கா.”

“நாலு நாள் விஷம்டா உன் ஒடம்புல. ரெண்டு மணிக்கு ஷிஃப்ட். முடிச்சிட்டுப் போலாம்.”

“முடிச்சா நான் எங்க போறது? பஸ்சுல ஏறவே நீ தூக்கணும். அவ ஒண்டியா இன்னா பண்ணுவா?”

“மழ வந்தா வரட்டும். உப்பு போனா போவட்டும்.”

அவன் குனிந்து செருப்பு வாரைத் தளர்த்தினான். பிறகு, “செரி, வா. ஆஸ்பத்திரிக்கே போலாம்” என்றான். அவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு மணிக்கு டோக்கன் வரிசை. நான் வரிசையில் நின்றேன். வெளியே காற்றாட நிற்கிறேன் என்று போனவன் வரவில்லை. வாசல், டீக்கடை, மருந்துக்கடை எல்லாம் தேடிவிட்டுப் போன் அடித்தேன். எடுத்தபோது பின்னால் கண்டக்டர் குரல் கேட்டது.

“திட்டாதக்கா. கனகசெட்டிகுளம் தாண்டிட்டேன். மூடிட்டு நாளைக்குக் காலைல வந்துடறேன், அவங்க கிட்டச் சொல்லி வெய்யி.”

டெக்னீஷியனிடம் சொன்னேன். அவர் ஒன்றும் கத்தவில்லை. “நாளைக்கு மொத ஷிஃப்ட்டுல போட்டுடறேன். இன்னிக்கு ராத்திரி மூச்சு வாங்குனா யோசிக்காம நூத்தியெட்டக் கூப்பிடுங்க. அந்தக் கையால எதையும் தூக்க வேணாம்னு சொல்லுங்க” என்றார். ஏழுமலையின் இடது கையில் டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இரண்டு ரத்தக்குழாய்களை ஆபரேஷன் செய்து இணைத்திருந்தார்கள். தொட்டால் தோலுக்கடியில் மிக்ஸி ஓடுகிற மாதிரி அதிரும். அந்த அதிர்வு இருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.

எனக்கு அடுத்த பஸ் கிடைத்து மரக்காணத்தில் இறங்கும்போது நான்கு மணி. ரோட்டிலிருந்து வரப்பு மேல் பத்து நிமிடம் நடக்க வேண்டும். தூரத்திலிருந்தே ஏழு குவியலும் மூடியிருப்பது தெரிந்தது. ஓரங்களில் கல் வைத்து, கயிறு இழுத்துக் கட்டி, ரொம்ப ஒழுங்காக மூடியிருந்தான். கடைசிக் குவியலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். விஜயா முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தண்ணீர்க் குடம் காலியாகக் கிடந்தது.

“ஏழும் மூடியாச்சுக்கா” என்றான். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கினான்.

நான் திட்டினேன். எனக்குத் தெரிந்த வசவு எல்லாவற்றையும் அந்த வரப்பில் நின்று திட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே கேட்டான்.

வீட்டுக்குக் கூட்டி வந்து படுக்க வைத்தால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலாம் என்றான். ஆறரைக்கு உதடு நீலமாகிவிட்டது. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது, அதில் குறை சொல்ல முடியாது. விஜயா தலைமாட்டில் இருந்தாள். நான் அவனுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கூனிமேடு வரை அது என் உள்ளங்கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. காலாப்பட்டுக்கு முன்னால் அந்த அதிர்வு நின்றது. ஆம்புலன்ஸில் இருந்தவர் அவன் மார்பை அமுக்க ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்று மரக்காணத்தில் மழை பெய்யவில்லை. நான் பஸ்ஸில் வரும்போதே அந்த மேகம் கடல் பக்கம் நகர்ந்து போய்விட்டிருந்தது. மறுநாள் அவனைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போனபோதும் சுள்ளென்று வெயில். அவனுக்கும் எனக்கும் இடையில் அந்த வாய்க்கால் கரைச் சண்டை அப்படியே நிற்கிறது. அவன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். அழுகையை விட அதுதான் அதிகம் வருகிறது.

புதுச்சேரி நல்ல ஊர்தான், நோயாளியோடு போகிறவர்களும் பார்க்கலாம். மியூசியத்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும். கேலரிகளில் மதிய வெயிலைக் கழிக்கலாம். வைசியாள் வீதியில் பழைய தமிழ் வீடுகள் இருக்கின்றன, வெளியிலிருந்து பார்க்கக் காசில்லை. போனில் சார்ஜ் வைத்திருங்கள். கூட வந்தவர் சாப்பிடுவதும் தண்ணீர் குடிப்பதும் நோயாளியின் கண்ணில் படாமல் நடக்கட்டும்.

உங்கள் ஆள் உப்பளத்து ஆளாக இருந்தால் இன்னொன்று. முந்தின நாள் சாயங்காலமே போய், எல்லாக் குவியலையும் நீங்களே மூடிவிட்டு, அதை அவர் கண்ணால் பார்க்க வைத்த பிறகு பஸ் ஏற்றுங்கள். வானம் வெளுத்திருந்தாலும் மூடுங்கள். ஈரம் வடியாத உப்பை மூடினால் கெட்டுவிடும் என்று சத்தம் போடுவார். போடட்டும். உப்பு கெட்டால் கெட்டுப் போகட்டும்.