பட்டன் இல்லாத திரை

கடையில் அவளுக்குப் பெயர் புயல். டைல்ஸும் குழாயும் வாஷ்பேசினும் விற்கிற அந்தப் பெரிய ஷோரூமில், எந்த மூலையில் வாடிக்கையாளர் முகம் சுளித்தாலும் அடுத்த நொடி அங்கே நிற்பாள். குளியலறைக்குப் பளபளப்பான டைல்ஸ்தான் வேண்டும் என்று அடம்பிடித்த புதுமணத் தம்பதியை, வழுக்கி விழுந்தால் யார் யாரைத் தூக்குவது என்று முதலில் முடிவு பண்ணிக்கொண்டு வாருங்கள் என்று சிரிக்க வைத்தே சொரசொரப்பானதை வாங்க வைத்தவள். கடை அக்கா புருஷனுடையது. மாமா கல்லாவில் உட்காருவார், அக்கா மாடி அறையில் கணினியோடு உட்காருவாள், மற்றதெல்லாம் புயல்தான். கல்லூரிப் படிப்பு முடித்த கையோடு உள்ளே வந்தவள், முப்பதைத் தாண்டியும் அங்கேதான் இருந்தாள்.

மேலே படிக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் அவளை விட்டபாடில்லை. வேலை அனுபவம் உள்ளவர்களுக்கென்று வெளியூரில் முழுநேர எம்.பி.ஏ. நடத்துகிற ஒரு கல்லூரிக்கு யாரிடமும் மூச்சு விடாமல் விண்ணப்பித்தாள். நேர்காணலில் பேசச் சொன்னார்கள். பேசுவதற்கு அவளுக்குச் சொல்லியா தர வேண்டும்? இடம் கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள். வகுப்பு தொடங்கும் முன் கணினித் தேர்வு உண்டு. எக்செல்லில் கணக்குப் போட வேண்டும், குவிந்து கிடக்கும் விவரங்களைப் பிரித்துச் சுருக்கிக் காட்ட வேண்டும், வரைபடம் போட வேண்டும். தேறாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். சரி, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை, வயது வரம்பு தாண்டிவிடும்.

புயலுக்குத் தெரிந்த கணினி பில் போடுகிற கணினிதான். விஷயத்தை வீட்டில் போட்டு உடைத்து, பக்கத்துத் தெருப் பயிற்சி மையத்தில் சேரப் போவதாகச் சொன்னபோது அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். வீட்டில் நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது வெளியே போய்க் கற்றுக்கொள்வாயா, ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்காதா என்றாள். ஆக, கடை திறக்கும் முன்பு, மாடி அறையில், அக்காவே வாத்தியார்.

அக்கா என்றால் சும்மா இல்லை. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில் இவளுக்குத் தலை பின்னிவிட்டதும், காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டதும், பரீட்சையில் கோட்டைவிட்டு வந்தபோது அப்பாவின் கைக்கு அகப்படாமல் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டதும் அவள்தான். அவள் ஒன்று சொன்னால் புயலுக்கு மறுபேச்சே கிடையாது.

அந்த அக்கா சொல்லிக்கொடுத்த விதமே தனி. திரையின் உச்சியில் வண்ண வண்ணமாய்ப் பட்டன்கள். பச்சையை அழுத்தினால் விற்பனை மாதவாரியாகப் பிரிந்து நிற்கும். நீலத்தை அழுத்தினால் வரைபடம் வரும். இவ்வளவுதானா என்று புயல் வாயைப் பிளந்தாள். இவ்வளவேதான், இதைப் போய் மலை மாதிரி நினைத்துப் பயந்தாயே என்று அக்கா அவள் கன்னத்தில் தட்டினாள். பட்டன்கள் எக்செல்லோடு பிறந்தவை என்றே புயல் நினைத்தாள். பில் போடும் மென்பொருளில் பட்டன் இல்லாமல் எதுவும் நகராது. அதிலேயே பழகிய கண்ணுக்கு இதுவும் அப்படித்தான் தெரிந்தது. அவை அக்கா தன் கையால் செய்து வைத்தவை, அந்த ஒரு கோப்பைத் தவிர வேறெங்கும் இல்லாதவை என்று அவளுக்கு யார் சொல்வது? ஒரே ஒரு தடவை சந்தேகம் வந்து, பரீட்சையிலும் இப்படித்தான் இருக்குமா என்று கேட்டாள்.

"எல்லா இடத்துலயும் இதே எக்செல்தான்டி. பேசாம அழுத்து," என்றாள் அக்கா.

தேர்வு நாளன்று வெளியே காத்திருந்தபோது, மருந்துக் கம்பெனி விற்பனையாளர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். இந்தப் பிவட் டேபிள் மட்டும் மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது, கொட்டிக் கிடக்கிற விவரத்தை மாதவாரியாகப் பிரிப்பதற்குள் உயிர் போகிறது என்று புலம்பினார். எதற்குப் பதறுகிறீர்கள், அதற்குத்தான் பச்சைப் பட்டன் இருக்கிறதே என்று புயல் ஆறுதல் சொன்னாள். அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். இவளும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தாள். பாவம், என்னத்தைக் கண்டாள்!

உள்ளே போய்த் திரையைப் பார்த்தால் எண்கள் வரிவரியாக நின்றன. உச்சியில் அந்த வண்ணப் பட்டன்களைக் காணோம். மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தாள். பிறகு கையை உயர்த்தி மேற்பார்வையாளரை அழைத்து, இந்தக் கணினியில் பச்சைப் பட்டனே வரவில்லை, ஏதோ கோளாறு, வேறு கொடுங்கள் என்றாள். அவரும் மாற்றிக் கொடுத்தார். அதிலும் இல்லை. சுற்றிலும் எல்லோருடைய விரல்களும் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. ஓரிடத்தில் நிற்கத் தெரியாத புயல், கையை மடியில் வைத்துக்கொண்டு நேரம் முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மேற்பார்வையாளர் நல்ல மனிதர். எல்லோரும் எழுந்து போன பிறகு அருகே வந்து, அந்த மாதிரிப் பட்டன்கள் யாராவது தனியாகச் செய்து வைத்தால்தான் உண்டு என்று விளக்கினார். செய்தவருக்கு அடிப்படை எல்லாமே அத்துப்படியாக இருக்கும், அவரிடமே நீங்கள் கற்றுக்கொண்டிருக்கலாமே என்றார். முடிவை அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். இடம் போயிற்று.

பேருந்தில் திரும்பும்போதுகூட அவள் அக்காவுக்காகத்தான் மனதுக்குள் வாதாடினாள். தங்கச்சி திண்டாடக் கூடாதே என்று சுலபமாக்கிக் கொடுத்திருக்கிறாள், தேர்வு எப்படி இருக்கும் என்று அவள் என்ன கனவா கண்டாள், விஷயம் தெரிந்தால் துடித்துப்போவாள், பக்குவமாகத்தான் சொல்ல வேண்டும் என்றெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாள். இந்த மாதிரி வெள்ளை மனசுக்காரிகளை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

மாமா அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். அவர் சூதுவாது தெரியாதவர். ஆறுதல் சொல்வதாக நினைத்து, கல்லாவிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"விடும்மா. கடைக்குப் புதுசா ஒரு கிளை திறக்கறோம், அதுக்கு நீதான் மேனேஜர். அவ எங்கயும் போக மாட்டா, தைரியமா கிளைக்கு இடத்தைப் புடிங்கன்னு உங்க அக்கா போன மாசமே சொல்லிட்டா."

போன மாதம். மாடியில் பாடம் ஆரம்பித்த மாதம். புயல் சாவியைக் கல்லாவிலேயே வைத்துவிட்டு மாடி ஏறினாள்.

எப்படி எழுதினாய் என்று அக்கா ஒன்றும் தெரியாதவள்போல ஆரம்பித்தாள். தெரிந்துதானே செய்தாய் என்று மட்டும் இவள் கேட்டாள். அக்கா மறுத்துப் பார்த்தாள், மழுப்பிப் பார்த்தாள், பிறகு கோபப்பட்டாள். நீ போய்விட்டால் கடை என்ன ஆவது, உன் மாமாவுக்கு ஒரு குழாய் விற்கத் துப்பு உண்டா, எனக்கும்தான் படிக்க ஆசை இருந்தது, அம்மாவுக்காகவும் உனக்காகவும் விட்டேனே, அன்றைக்கு யாராவது என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று கொட்டித் தீர்த்தாள். எல்லாம் உண்மைதான். உண்மையாக இருந்து என்ன பிரயோஜனம்? போகாதேடி என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் புயல் சண்டை போட்டிருப்பாள், அழுதிருப்பாள், ஒருவேளை போகாமல் நின்றும் இருப்பாள். அதை விட்டுவிட்டு, தினமும் பக்கத்தில் உட்கார்ந்து, சபாஷ் சபாஷ் என்று முதுகில் தட்டிக்கொடுத்தல்லவா கழுத்தை அறுத்தாள் பாவி!

கடைசியில் அக்காவுக்கும் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து தங்கையின் தோளைத் தொடப் போனாள். புயல் விலகி நின்றாள்.

"வேற யாராவது எனக்கு இப்படிப் பண்ணியிருந்தா உன்கிட்டதான்க்கா வந்து அழுதிருப்பேன்," என்றாள். "இப்ப நான் யார்கிட்ட போய் அழறது?"