கோலத்துக்குப் போன ஆண் பூக்கள்

குற்றச்சாட்டு: 2024 டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை அன்று, செஞ்சி மலையடித் தெருவின் காய்கறி விவசாயிகள் குழு, பெண் விவசாயி தனகோட்டியை ஒரு வார்த்தை கேளாமலே, அவர் பூச்சிமருந்து தெளித்துத் தேனீக்களைக் கொன்றதாகத் தீர்மானம் எழுதி, பதினோரு ஆண்டுகளாக அவர் வகித்த விதைக்காப்பாளர் பொறுப்பைப் பறித்தது.

தெருவார் வயல்களில் பூசணிப் பிஞ்சுகள் மஞ்சளித்து உதிர்ந்தன. ஏரிக்கு அப்பால் தனகோட்டியின் வயலில் மட்டும் காய் பிடித்தது. அவர்களிடம் இருந்த சாட்சி அவ்வளவுதான். அவரோ, ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவரானாலும், விதைப் பொட்டலத்தின் சீட்டைக்கூட எறியாமல் கோப்பில் வைப்பவர். தீர்மானத்தைப் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் மூன்று நகல் எடுத்துக்கொண்டு, மறுநாள் விடியலில் நோட்டோடு தெருவில் இறங்கினார்.

மார்கழி அல்லவா? வாசல்தோறும் கோலம், நடுவே சாண உருண்டை, அதன்மேல் பூசணிப் பூ. நாற்பத்திரண்டு வாசல்களில் நூற்றுப் பதினெட்டுப் பூக்களை எண்ணினார். ஒன்றின் அடியிலும் பிஞ்சில்லை. அத்தனையும் ஆண் பூ.

குழுத் தலைவர் அரிகிருஷ்ணனின் மனைவி ஜெயக்கொடி பூ செருகிக்கொண்டிருந்தாள்.

“பிஞ்சு வச்ச பூவ நா தொடவே மாட்டேங்க்கா. காய் கெட்டுடும்ல?”

“நீ தொடல, சரி. தேனீ தொடுது, ஆனா வெறுங்கையோட வருது. அது கொண்டாற வேண்டிய மகரந்தம் பூரா உன் சாணி மேல குந்திகினு இருக்குதே!”

ஜெயக்கொடி சிரித்துவிட்டாள். தன் வயலிலேயே சோதித்துப் பார்க்கச் சொன்னாள்.

ஏரி தாண்டி யாரும் பூப்பறிக்க வராத தம் வயலிலிருந்து தனகோட்டி ஆண் பூக்களைக் கொணர்ந்து, பத்துப் பெண் பூக்களில் தடவிச் சிவப்பு நூல் கட்டினார். வேறு பத்துக்கு வெள்ளை நூல் கட்டித் தேனீக்களுக்கே விட்டார். தேனீக்கள் வந்தன, உயிரோடுதான் வந்தன. பத்து நாளில் சிவப்பு நூலில் எட்டுக் காய் பிடித்திருந்தது. வெள்ளை நூலில் ஒன்றுமில்லை.

ஜனவரி 12, குழுக் கூட்டம். தனகோட்டி நூல் கணக்கைச் சொல்லியும் அரிகிருஷ்ணன் அசரவில்லை.

“ஆம்பளப் பூவு காய்க்கவா போவுது? பறிச்சா இன்னாக்கா?”

“நீங்ககூடத்தான் புள்ள பெக்கல, தலைவரே. அதுக்குன்னு ஜெயக்கொடி உங்கள புடுங்கி கோலத்துல வச்சுட்டாளா?”

கூட்டம் குலுங்கியது. அரிகிருஷ்ணனும் சிரித்துத் தீர்த்தார்.

“தப்புதாங்க்கா. நீயே விதைய பாத்துக்க. இத்தோட உட்டுடு.”

“தேனீய கொன்னேன்னு எழுதி, பன்னெண்டு பேரு கையெழுத்து போட்டீங்க. வாயால சொன்னா அழிஞ்சுடுமா?”

தனகோட்டி எழுந்து நின்று, தாம் எழுதி வந்திருந்த மனுவின் கடைசி வரியை நிறுத்தி நிதானமாக வாசித்தார்: “ஆகவே, மேற்படி தீர்மானத்தை ரத்து செய்து, பிஞ்சு உதிர்ந்ததன் உண்மைக் காரணத்தைக் குறிப்பிட்டு, அதே பன்னிருவரின் கையொப்பத்துடன், ஏழு நாட்களுக்குள் எனக்கு எழுத்துப்பூர்வமாகப் பதில் தரவேண்டும்.”