உறவு என்ற கட்டத்தில்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் முப்பது வருடமாக லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தவரை எல்லோரும் லென்ஸ்காரர் என்றே கூப்பிட்டார்கள். ஃப்ரேமுக்குள் லென்ஸ் ஒரு நூல் ஆடினாலும் வெளியே அனுப்ப மாட்டார். "அதெல்லாம் கண்ணுக்குத் தெரியாதுய்யா" என்று முதலாளி அவசரப்படுத்தினால், "கண்ணுக்குத்தானேங்க செய்றோம்" என்று சொல்லிவிட்டு மறுபடி சக்கரத்தில் தண்ணீர் விடுவார்.

அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு நாள், நீங்கள் சொன்னதை நம்ப முடியவில்லை என்று வெளிநாட்டிலிருந்து காகிதம் வந்தது.

அவர் கேட்டது முப்பது நாள் விசா. அக்கா அங்கே இருபத்திரண்டு வருடமாக மகளோடு இருந்தாள். அத்தான் தவறி எட்டு மாதம் ஆகியிருந்தது. அக்காவுக்கு முழங்கால் சரியில்லாததால் அவள் இந்தப் பக்கம் வரும் பேச்சே இல்லை. யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள், ஒரு நாள் போனில், "நீ ஒரு நடை வந்துட்டுப் போயேன்டா" என்றாள். அன்றைக்கே கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனார். அங்கிருந்த பெண் படிவத்தைப் பார்த்து, "அழைக்கிறவங்க உங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டாள். "அக்கா" என்றார். அவள் சகோதரி என்று தட்டினாள். இருவர் மேலும் குற்றம் இல்லை.

ஐந்து வாரம் கழித்து பாஸ்போர்ட்டோடு ஒரு தாள் திரும்பி வந்தது. சகோதரி என்று நீங்கள் குறிப்பிட்டவரின் பெற்றோர் வேறு, உங்கள் பெற்றோர் வேறு. ஆகவே உறவு பற்றிய தகவலை ஏற்க இயலவில்லை என்று அதில் இருந்தது.

அக்கா அவருடைய பெரியப்பா மகள். அப்பா லாரியோடு மாதக்கணக்கில் வெளியூர் போய்விடுவார் என்பதால், அம்மாவும் அவரும் பெரியப்பா வீட்டிலேயே இருந்தார்கள். ஒரே அடுப்பு, ஒரே குளியலறை, ஒரே திட்டு. அக்கா ஒன்பது வயது மூத்தவள். அவருக்குத் தலைவாரிவிட்டதும் காய்ச்சலுக்கு மருந்து ஊற்றியதும் அவள்தான். அவளை வேறு எப்படிச் சொல்வது என்று அவர் இத்தனை வயதில் யோசித்ததே இல்லை.

தாளை நாலாக மடித்துப் பீரோவில் வைத்தவர், பத்து நாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கடைசியில் மனைவிதான் ஆரம்பித்தாள்.

"மறுபடியும் போட்டுப் பாருங்களேன்."

"பொய் சொல்றவன்னு சொன்னவங்க வாசல்ல போய் திரும்பவும் நிக்கச் சொல்றியா?"

"அவங்க வாசலுக்கா போறீங்க? உங்க அக்கா வாசலுக்குப் போறீங்க. நடுவுல அவங்க உக்காந்திருக்காங்க, அவ்வளவுதான்."

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள். இந்தத் தடவை, விசா படிவம் நிரப்புவதையே தொழிலாக வைத்திருந்த ஒரு அம்மாவிடம் போனார்கள். மாடிப்படிக்குக் கீழே சின்ன அறை. சுவர் முழுக்கக் கோப்புகள். அந்த அம்மா மறுப்புத் தாளை இரண்டு தடவை படித்தார்.

"தப்பு ஒண்ணுமில்லைங்க. உங்களுக்கு அக்கா, படிவத்துக்கு கசின். அப்படிப் போட்டுட்டு, போன தடவை ஏன் அப்படி எழுதினோம்னு தனியா விளக்கம் கொடுத்துடலாம்."

லென்ஸ்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. "மாமா பொண்ணும் கசின், அத்தை பொண்ணும் கசின். கட்டிக்கிற முறையும் கசின், தூக்கி வளர்த்த அக்காவும் கசினா? என்ன கணக்கும்மா இது?"

"கணக்கு அவங்களோடது. கட்டம் ஒண்ணுதான் இருக்கு."

"அக்காவை ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்" என்று எழுந்து வெளியே போனார். அந்த ஊரில் அப்போது விடிந்திருந்தது. போனில் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னார்.

அக்கா சிரித்தாள். "மாமியார்னு வேணும்னாலும் எழுதுடா. வந்து சேர்ந்தா சரி."

உள்ளே வந்து, "எழுதிக்குங்க" என்றார்.

அந்த அம்மா அதோடு விடவில்லை. "ஒரே வீட்டுல வளர்ந்தீங்கன்னு காட்ட ஏதாவது காகிதம் இருக்கா? பழசா இருந்தாலும் பரவாயில்லை."

அவர் இல்லை என்று தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே மனைவி, "உங்க மார்க் கார்டு இருக்கே" என்றாள். அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரியப்பாவுக்குப் பயந்து, அம்மாவுக்கும் கையெழுத்து வராததால், மூன்று வருடம் அவருடைய மார்க் கார்டில் கையெழுத்துப் போட்டது அக்காதான். பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்ற இடத்தில் தன் முழுப்பெயரை எழுதி, பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'அக்கா' என்றும் போட்டு, வீட்டு முகவரியையும் எழுதியிருந்தாள். தலைமையாசிரியரும் முத்திரை குத்தியிருந்தார்.

"அதையா? அதுல எல்லாம் என் மார்க் இருக்கும்மா!"

"மார்க்குக்கு யாருங்க விசா தர்றாங்க?" என்றார் படிவக்கார அம்மா.

இந்தத் தடவை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு இளம் அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பெண்.

"போன தடவை சகோதரின்னு எழுதியிருக்கீங்க. இப்போ கசின். எது உண்மைன்னு கேக்கிறார்."

"ரெண்டும் ஒரே ஆளுதாங்க. பெரியப்பா பொண்ணை அக்கான்னுதான் கூப்பிடுவோம். அதை விட்டா எங்களுக்கு வேற வார்த்தை கிடையாதுன்னு சொல்லுங்க."

அவர் சொன்னது நாலு வரி. அந்தப் பெண் சொன்னது பத்து வரிக்குக் குறையாது. நடுவில் தன் நெஞ்சைத் தொட்டுக்கூட ஏதோ சொன்னாள். அவளுக்கும் எங்கோ ஒரு பெரியப்பா மகள் இருந்திருக்க வேண்டும். அதிகாரி அக்காவின் அழைப்புக் கடிதத்தை எடுத்து மார்க் கார்டின் பக்கத்தில் வைத்தார். கையெழுத்து இரண்டிலும் கடைசி எழுத்துக்கு ஒரே நீள வால். அதைப் பார்த்தவர், கார்டின் மொழிபெயர்ப்புக்குக் கண்ணை நகர்த்தினார்.

"கணக்குல பத்தொன்பது. நூத்துக்கான்னு கேக்கிறார்."

"ஆமாங்க. நூத்துக்குத்தான்."

"உங்க தொழில் அளவு பார்க்கிற தொழிலாச்சேங்கிறார்."

"அது கையில வர்ற கணக்குங்க. இது வாத்தியார் போட்ட கணக்கு."

மொழிபெயர்த்தவள் முதலில் சிரித்தாள், அதிகாரி பிறகு. எப்போது திரும்பி வருவீர்கள், அதுவரை உங்கள் வேலையை யார் பார்ப்பார்கள் என்று இன்னும் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார். தருகிறோம் என்றும் சொல்லவில்லை, மாட்டோம் என்றும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் பாஸ்போர்ட் வந்தது. முப்பது நாள். அவர் வாசலில் நின்றபடியே தன் பெயரின் எழுத்துகளையும் தேதிகளையும் இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு மனைவியிடம் கொடுத்தார். அவள் அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "போட்டுக்கிட்டுப் போக ஒரு நல்ல செருப்புகூட இல்லையே உங்ககிட்ட" என்று மட்டும் சொன்னாள்.

விமான நிலையத்துக்கு அக்கா மகள் மட்டும்தான் வந்திருந்தாள். அக்கா வீட்டு வாசலில், கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றாள். கண்டதும் என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. அக்காவும் அவர் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கால்சட்டை ஏன் இவ்வளவு தொளதொளவென்று இருக்கிறது என்று கேட்டாள். சாப்பிட்டு முடித்து இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். அத்தானின் கடைசி நாட்களைப் பற்றி அக்கா சொல்ல ஆரம்பித்தாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். சொல்லி முடித்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் தேநீர் கொண்டுவந்த மகள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். நடுப்பகல் வெயிலில், ஆளுக்கொரு நாற்காலியில், இருவரும் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்கள்.